ஆச்சா? ஆச்சா?

கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு ஐந்து நிமிடம் முன்னால் சாப்பாட்டு ஹால் வாசலில் நின்றிருக்கிறீர்களா? கதவு சாத்தியிருக்கும். வெளியே நூற்றைம்பது பேர், தங்களுக்குப் பசியே இல்லை என்கிற பாவனையில். உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தால் போதும், அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்வி: "ஆச்சா?" தலை சொல்லும்: "இலை போட்டாச்சு." அதை நம்பி உள்ளே பாய்ந்தவர் வெறும் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். சாம்பார் வரட்டும் என்று நிதானமாகப் போனவருக்கு நாற்காலியே இருக்காது.

வெப் பிரவுசருக்கு கோட் எழுதுகிறவர்கள் முப்பது வருடமாக இந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஸ்க்ரீனில் ஒரு பட்டன் வரப்போகிறது. அதன் அகலத்தை அளக்க வேண்டும். பட்டன் பிறக்கும் முன்பே டேப்பை எடுத்துக்கொண்டு போனால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று பிரவுசர் கையை விரித்துவிடும். ரொம்பக் கழித்துப் போனால், கஸ்டமர் கண்ணெதிரே பட்டன் ஒரு குதி குதித்து இடம் மாறும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிசெகண்ட் முகூர்த்தம் ஒன்று உண்டு. அந்த நேரம் வந்ததும் உன்னைக் கூப்பிடுகிறேன், பேரைக் கொடுத்துவிட்டுப் போ என்று ஃபிரேம்வொர்க் தருகிற வாக்குறுதிக்குப் பெயர்தான் லைஃப்சைக்கிள் ஹூக். ஹூக் என்றால் கொக்கி. பொதுக்கூட்ட மேடைக்கு மின்கம்பத்தில் கொக்கி போட்டு விளக்கெரித்த அனுபவசாலிகளுக்கு இந்தத் தத்துவம் புரியும். கொக்கி போடுவது பெரிய விஷயமில்லை. லைனில் கரண்ட் எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்பதுதான் வித்தையே.

1995 மே மாதம். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் நெட்ஸ்கேப் கம்பெனி. பிரவுசருக்குள் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன மொழி வேண்டும், பார்க்க ஜாவா மாதிரி இருக்கவேண்டும், முக்கியமாகச் சீக்கிரம் வேண்டும் என்று பிரெண்டன் ஐக்கிடம் சொன்னார்கள். மனிதர் பத்து நாளில் முதல் வடிவத்தைக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் நம்மால் ரேஷன் கார்டில் ஒரு இனிஷியலைத் திருத்த முடியாது. வருடக் கடைசியில் அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பேர் வைத்தார்கள். ஜாவாவுக்கும் அதற்கும் உள்ள உறவு ஆடுதுறைக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவுதான். அந்தப் பத்து நாள் அவசரத்துக்கு உலகம் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருப்பது தனிக் கதை.

அந்தக் காலத்தில் 'ஆச்சு' என்று சொல்லும் கொக்கி ஒன்றே ஒன்று: ஆன்லோடு. பக்கம் முழுக்க வந்து சேர்ந்ததும் கூப்பிடும். முழுக்க என்றால் நிஜமாகவே முழுக்க. அதிலுள்ள கடைசிப் படம் வரை. மோடம் கீச்சிட்டு அழுத காலம் அது. பக்கத்தின் மேலே உள்ள மெனு வேலை செய்யவேண்டும் என்றால், அடியில் கிடக்கிற பூனைப் படம் வால் நுனி வரை இறங்கியாக வேண்டும். தூரத்துச் சித்தப்பா கடைசி பஸ்ஸில் வந்து சேரும்வரை ஒருத்தருக்கும் இலை போடமாட்டேன் என்று நிற்கிற சமையல்காரரை வைத்துக்கொண்டு கல்யாணம் பண்ணினால் இப்படித்தான். அதுவரை மெனுவைச் சொடுக்கிய ஜனங்கள், மவுஸ் ரிப்பேர் என்று முடிவுகட்டி, அதைத் தலைகீழாகத் திருப்பி உருண்டையை எடுத்துத் துடைத்தார்கள்.

மொஸில்லாக்காரர்கள் யோசித்தார்கள். படம் வராவிட்டால் என்ன, பக்கத்தின் எலும்புக்கூடு கட்டி முடிந்ததும் ஒரு குரல் கொடுத்தால் போதுமே. டாம் கன்டென்ட் லோடட் என்று ஒரு நிகழ்வை வைத்தார்கள். நல்ல யோசனை. உலகத்தின் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அப்போது உட்கார்ந்திருந்ததோ மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். அது பழைய வாடகைதாரர் மாதிரி. காலி செய்யாது, வெள்ளையடிக்கவும் விடாது. அந்த நிகழ்வைத் தரமாட்டேன் என்று 2011இல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை சாதித்தது.

இந்த இடத்தில் டியேகோ பெரினி என்ற இத்தாலியரை நிறுத்தி மாலை போடவேண்டும். 2007இல் அவர் கண்டுபிடித்த வித்தைக்கு இணையாக ஒன்றை நான் எந்தத் துறையிலும் பார்த்ததில்லை. எக்ஸ்ப்ளோரரில் டூஸ்க்ரோல் என்று ஒரு சமாசாரம் உண்டு. பக்கத்தை இப்படி அப்படி நகர்த்த உதவும். பக்கம் கட்டி முடியாதபோது அதைக் கூப்பிட்டால் பிரவுசர் எரிந்து விழும். பெரினியின் யோசனை: கூப்பிடு. திட்டு விழுந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடு. திட்டு விழாத தருணமே முகூர்த்தம். அப்பா தூங்கிவிட்டாரா என்று தெரிந்துகொள்ள அவர் அறைக்குள் செருப்பை எறிந்து பார்க்கிற முறை இது. "யார்ரா அது?" என்று குரல் வந்தால் இன்னும் தூங்கவில்லை. மறுபடி எறி. சத்தமே வராதபோது சினிமாவுக்குக் கிளம்பலாம்.

சிரிக்காதீர்கள். 2006 ஜனவரியில் நியூயார்க்கில் ஜான் ரெசிக் அறிமுகப்படுத்திய ஜேக்வெரி, பின்னால் இந்தச் செருப்படி முறையைத்தான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. வெளியே பார்த்தால் 'டாக்குமென்ட் ரெடி' என்று சந்தனம் பூசிய இரண்டு வார்த்தை. உள்ளே அறைக்குள் செருப்பு பறந்துகொண்டிருக்கும். இரண்டு எறிக்கு நடுவே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்குப் போட்ட எண்ணைப் பதிப்பு பதிப்பாகத் தோண்டிப் பார்த்தால் ஒரு குட்டிச் சரித்திரம் கிடைக்கும். முதலில் 0 மில்லிசெகண்ட். அப்புறம் 1. அப்புறம் 50. வயசாக ஆகப் பொறுமை வந்திருக்கிறது.

அந்தக் காத்திருப்புக்குப் பயன்பட்ட கருவியின் பேர் செட்டைம்அவுட். பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையின் நிஜக் கதாநாயகன் அதுதான். மற்றவர்கள் எல்லாம் வந்து போகிற ராஜாக்கள். 'இத்தனை மில்லிசெகண்ட் கழித்து இதைச் செய்' என்று சொல்லலாம். 0 என்று போட்டால் 'இப்போதே' என்று அர்த்தமில்லை. 'கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வா' என்று அர்த்தம். அதையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தாறு அடுக்கு வைத்தால், இனிமேல் குறைந்தது 4 மில்லிசெகண்ட் என்று பிரவுசர் தானாகவே உயர்த்திக்கொள்ளும், மீட்டருக்கு மேல் கேட்கிற ஆட்டோ மாதிரி. எந்த வைத்தியத்துக்கும் கேட்காத நோய்க்கு முருங்கைக்கீரை சூப் சொல்வார்களே, பிரவுசர் உலகத்தில் அந்த சூப் இதுதான்.

டாக்குமென்ட் ரெடி ஒரு தடவை கேட்கிற கேள்வி. பக்கம் ஒரு தடவைதான் பிறக்கும், அந்த மட்டுக்கு நிம்மதி. ஆனால் 2004இல் ஜிமெயில் வந்து கெடுத்தது. பக்கம் அப்படியே இருக்க, அதற்குள்ளேயே ஜன்னல்களும் பெட்டிகளும் முளைத்தன, செத்தன, மறுபடி முளைத்தன. ஒரு கல்யாணம் என்று மண்டபம் பிடித்தவனுக்கு நாள் முழுக்க முப்பது கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் முகூர்த்தம் தனி, கருமாதி தனி.

கருமாதியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 2010இல் ஜெரமி ஆஷ்கெனாஸ் கொண்டுவந்த பேக்போனில், திரையிலிருந்து எடுத்துவிட்ட ஒரு பெட்டி நினைவகத்தில் உயிரோடு உலாவும். கண்ணுக்குத் தெரியாது; ஆனால் சேதி வந்தால் பதில் சொல்லும். ஒரு தடவை 'டெலிட்' அமுக்கினால் மூன்று வரிசை அழியும், ஏனென்றால் உங்களோடு சேர்ந்து இரண்டு ஆவிகளும் அமுக்கியிருக்கும். இவற்றுக்கு ஜோம்பி என்று பேர் வைத்தார்கள். நம்மூரில் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக முனி என்று வைத்திருப்போம், வேப்பிலையாவது அடித்திருக்கலாம்.

அதே காலத்தில் கூகுளில் மிஷ்கோ ஹெவரியின் ஆங்குலர்ஜேஎஸ் வேறு வழியில் யோசித்தது. யாரையும் கேட்கவேண்டாம், நாமே எல்லாரையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம்: மாறிடுச்சா, மாறிடுச்சா? ஒருவர் மாறியிருந்தால், அவரால் இன்னொருவர் மாறியிருக்கலாம், ஆகவே மறுபடி முதலிலிருந்து. எல்லாரும் அமைதியானால் சரி. ஆகாவிட்டால் பத்துச் சுற்று வரை பார்த்துவிட்டு, 'என்னால் முடியாது' என்று கையைத் தூக்கிவிடும். நாலாம் வகுப்பு டீச்சர்கள் பத்துச் சுற்றுக்கு முன்பே பிரம்பை எடுத்துவிடுவார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். எல்லாம் முடிந்ததும் ஒரு காரியம் செய்ய நேரடியான வழி கிடையாது. ஆகவே மக்கள் டைம்அவுட் 0 போட்டார்கள். சூப்.

2013 மே. அமெரிக்க ஜேஎஸ்கான்ஃப் மாநாடு. ஃபேஸ்புக்கின் ஜோர்டன் வால்க் உருவாக்கிய ரியாக்ட் மேடையேறியது. ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஹெச்டிஎம்எல்லைக் கலந்து எழுதியிருந்ததைப் பார்த்து சபையில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், தயிர் சாதத்தில் யாரோ ரசகுல்லாவைப் பிசைந்த மாதிரி. இரண்டு வருடத்தில் அதே ஆட்கள் அதையே சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள் என்பது நம் கதைக்கு அவசியமில்லை. அவசியமானது, ரியாக்ட் கொண்டுவந்த பஞ்சாங்கம். பிறப்புக்கு முன் 'வில்மவுன்ட்', பிறந்த பின் 'டிட்மவுன்ட்', சீர் வரிசை வரும்போது 'வில்ரிசீவ்பிராப்ஸ்', மாறுவதற்கு முன் ஒன்று, மாறிய பின் ஒன்று, சாவதற்கு முன் 'வில்அன்மவுன்ட்'. ரியாக்ட் பாஷையில் பெட்டிக்குப் பேர் காம்போனென்ட், ஒவ்வொரு சடங்கின் பேருக்கும் முன்னால் அதை முழுசாக அடிக்கவேண்டும். கர்ப்பாதானம் முதல் அந்தியேஷ்டி வரை வைதீகர்கள் பட்டியல் போட்டு வைத்ததற்கு அப்புறம் இவ்வளவு ஒழுங்காக ஒரு ஜீவனின் வாழ்க்கையைச் சடங்குகளாகப் பிரித்தவர்கள் இவர்கள்தான்.

பஞ்சாங்கம் வந்ததும் ஜோசியர்களும் வந்தார்கள். வில்மவுன்ட்டில் சர்வரிடம் டேட்டா கேட்டால், முதல் ரெண்டருக்குள், அதாவது முதல் தடவை வரைந்து முடிப்பதற்குள், வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியது. வராது. வரவே வராது. நீங்கள் டீ சொல்லிவிட்டுக் கண் சிமிட்டுவதற்குள் ரெண்டர் முடிந்திருக்கும். ஆனாலும் பெரிய பெரிய ஆட்கள் டேட்டாவை அங்கேதான் கேட்டார்கள், 'கொஞ்சம் முன்னாடியே கேட்டு வைக்கிறது நல்லதுதானே' என்று. சர்வரில் பக்கத்தைத் தயாரிக்கும்போது வில்மவுன்ட் ஓடும், வில்அன்மவுன்ட் ஓடவே ஓடாது. அதாவது சர்வரில் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே உண்டு. வில்மவுன்ட்டில் எதையாவது கேட்கக் காது வைத்தவர்கள், அந்தக் காதை எடுக்க ஆளில்லாமல், சர்வர் முழுக்கக் காதாக நிரம்பி மூச்சு முட்டி விழுவதைப் பார்த்தார்கள்.

டிட்மவுன்ட்டில் ஒரு வம்சாவளிக் குழப்பம். 'ஆச்சு' என்ற சேதி முதலில் குழந்தைக்குப் போகும், அதற்கப்புறம்தான் அப்பாவுக்கு. யோசித்தால் நியாயமே. உள்ளே இருப்பதெல்லாம் முடியாமல் வெளியே இருப்பது முடிந்ததாக எப்படிச் சொல்வது? ஆனால் முதல் தடவை லாகில் பார்க்கிறவனுக்கு, பேரனுக்குக் காதுகுத்து, அடுத்து மகனுக்குப் பெயர் வைப்பு, கடைசியில் தாத்தாவுக்குத் தொட்டில் என்று பத்திரிகை அடித்த மாதிரி இருக்கும். அப்பா தன் டிட்மவுன்ட்டில் தயார் செய்து வைப்பார் என்று நம்பிக் குழந்தை தன் டிட்மவுன்ட்டில் கையை நீட்டினால், அப்பா இன்னும் பிறக்கவில்லை.

வில்ரிசீவ்பிராப்ஸ் இன்னும் மோசம். பேரைப் பார்த்தால் புதுச் சீர் வரும்போது கூப்பிடும் என்று தோன்றும். நிஜத்தில், அப்பா சும்மா புரண்டு படுத்தாலும் கூப்பிடும். 'என்ன வந்திருக்கு?' என்று ஓடிப்போய்ப் பார்த்தால் போன வாரம் வந்த அதே சட்டை. ஆகவே அதற்குள் நுழைந்த ஒவ்வொருவரும் முதல் வரியில் 'பழசும் புதுசும் ஒன்றா?' என்று ஒரு செக்போஸ்ட் வைத்தார்கள். வைக்க மறந்தவர்களின் கதையைத் தேர்தல் கால வாகனச் சோதனையில் கல்யாண நகையோடு மாட்டியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆவிகள் இங்கேயும் விடவில்லை. சர்வரிடம் டேட்டா கேட்ட காம்போனென்ட், பதில் வருவதற்குள் காலமாகிவிடும். பதில் வந்து கதவைத் தட்டும். இறந்துபோனவர் பேருக்கு மணியார்டர். ரியாக்ட் சிவப்பு மையில் எச்சரித்தது: செத்தவருக்கு அப்டேட் போடுகிறீர்கள், நினைவகக் கசிவு இருக்கலாம். மக்கள் 'இஸ்மவுன்டட்' என்று கேட்டுப் பார்த்தார்கள், அதாவது 'உயிரோட இருக்கியா?' 2015 டிசம்பரில் ரியாக்ட் குழு, அப்படிக் கேட்பதே தப்பு என்றது. சரியென்று ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு கொடி நட்டு, அதைப் பார்த்து உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டார்கள். அதுவும் அதே கேள்விதான், வேறு சட்டையில். பல வருடம் இப்படி எல்லாரையும் பயமுறுத்திவிட்டு, 2022இல் ரியாக்ட் 18 வந்தபோது, பெரும்பாலான சமயம் அந்த எச்சரிக்கையே தப்பான வழிகாட்டல் என்று எடுத்துவிட்டார்கள். கொடி நட்டவர்கள் கொடியோடு நின்றார்கள்.

இதற்குள் 2017 செப்டம்பரில் ரியாக்ட்டின் எஞ்சினை இறக்கி ஃபைபர் என்று புதிதாக மாட்டியிருந்தார்கள். புது எஞ்சினின் கனவு, ரெண்டரைப் பாதியில் நிறுத்தலாம், தூக்கிப் போடலாம், மறுபடி ஆரம்பிக்கலாம். அப்போதுதான் பஞ்சாங்கத்தில் ஓட்டை தெரிந்தது. 'வில்' என்று ஆரம்பிக்கிற சடங்குகள் ஒரு தடவைதான் நடக்கும் என்று யார் சொன்னது? நிச்சயதார்த்தம் மூன்று முறை நடக்கலாம், கல்யாணம் நடக்காமலே போகலாம். மூன்று நிச்சயதார்த்தத்திலும் மொய் எழுதிய மாமாவின் நிலைமை என்ன? 2018 மார்ச்சில் ஒரு தீர்ப்பு வந்தது: வில்மவுன்ட், வில்ரிசீவ்பிராப்ஸ், வில்அப்டேட் மூன்றுக்கும் இனி முன்னொட்டாக 'அன்சேஃப்', அதுவும் பெரிய எழுத்தில். சிகரெட் அட்டையில் புற்றுநோய்ப் படம் போட்ட மாதிரி. ஏன் ஒரேயடியாக ஒழிக்கவில்லை என்றால், ஃபேஸ்புக்கிலேயே 50,000க்கு மேல் காம்போனென்ட்டுகள் இருந்தன, அவற்றை உடனே திருத்தி எழுத அவர்களுக்கே மனசில்லை. ரியாக்ட் 19 வந்த பிறகும் அந்த மூன்றும் அட்டைப்படத்தோடு கடையில் கிடைக்கின்றன. சிகரெட்டும்தான்.

பேர் வைப்பதில் ரியாக்ட்காரர்களுக்கு ஒரு கைராசி உண்டு என்பதை இடையே சொல்லியாக வேண்டும். உள்ரகசியங்களை வைத்திருந்த ஒரு பெட்டிக்குப் பல வருடம் இருந்த பேரின் அர்த்தம்: ரகசிய உள்ளுறுப்புகள், தொடாதே, தொட்டால் வேலை போய்விடும். நிஜமாகவே இதுதான் பேர். தொட்டு வேலை போனதாக நான் ஒருவரையும் கேள்விப்பட்டதில்லை.

வேறு ராஜ்யங்களையும் பார்க்கவேண்டுமே. எவான் யூவின் வியூ, 2014இல் வந்தது. பதிப்புகளுக்கு ஜப்பானியக் கார்ட்டூன் பேர் வைக்கிற நல்ல குடும்பம். முதல் பதிப்பில் 'ரெடி' என்று ஒரு கொக்கி இருந்தது. 2016இல் இரண்டாம் பதிப்பில் அதை 'மவுன்டட்' என்று மாற்றினார்கள். கூடவே ஒரு பின்குறிப்பு: மவுன்டட் என்றால் பக்கத்தில் ஏறிவிட்டது என்று உத்தரவாதமில்லை. ரெடிக்கு ரெடி என்று அர்த்தமில்லை என்பதால் பேரை மாற்றி, புதுப் பேருக்கும் அர்த்தமில்லை என்று சொல்கிற நேர்மை எத்தனை பேருக்கு வரும்? 2020இல் மூன்றாம் பதிப்பில் 'டெஸ்ட்ராய்டு' என்பதை 'அன்மவுன்டட்' ஆக்கினார்கள். 'செத்துப்போனார்' என்பதை 'இயற்கை எய்தினார்' என்று திருத்திய மாதிரி.

வியூவின் தங்கச் சுரங்கம் 'நெக்ஸ்ட்டிக்'. எல்லா மாற்றமும் திரைக்குப் போன பிறகு கூப்பிடுகிறேன் என்ற வாக்கு. அந்தப் பிறகு என்பது எப்போது? பிரவுசரில் இரண்டு வரிசை உண்டு. ஒன்று மைக்ரோடாஸ்க், கையிலுள்ள வேலை முடிந்ததும் வேறு எதையும் பார்க்காமல் உடனே ஓடுவது, விஐபி தரிசனம். இன்னொன்று மேக்ரோடாஸ்க், தர்ம தரிசனம். வியூ முதலில் விஐபி வரிசையில் நின்றது. அதில் ஒரு வினோதம் நேர்ந்தது. பெட்டிக்குள்ளே உள்ள 'திற' பட்டனை அமுக்குகிறீர்கள். அந்த அமுக்கல் உள்ளேயிருந்து வெளிப்பெட்டிக்கு ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேர்வதற்குள் வியூ விஐபி வேகத்தில் ஓடிப்போய்த் திரையை மாற்றி, வெளிப்பெட்டியில் 'மூடு' என்ற புதுக் காவலாளியை நிறுத்திவிடும். ஏறி வந்த அதே அமுக்கலை அந்தக் காவலாளி வாங்கிக்கொண்டு, கடமையே கண்ணாகப் பெட்டியை மூடிவிடுவான். திறந்து மூடியது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கஸ்டமரைக் கேட்டால் பட்டன் வேலை செய்யவில்லை என்பார். பட்டன் இரண்டு தடவை வேலை செய்தது, அதுதான் தொல்லை.

2017இல் 2.5 பதிப்பில், சரி, இந்த மாதிரி இடங்களில் தர்ம தரிசனத்துக்குப் போவோம் என்றார்கள். போனால், வரிசை நகர்வதற்குள் பிரவுசர் ஒரு தடவை திரையை வரைந்துவிடுகிறது, அனிமேஷன்கள் கண்சிமிட்டின. 2019இல் 2.6 வந்தபோது மறுபடி விஐபி வரிசை. கோடில் இதை விளக்குகிற குறிப்பு 'மறுபடியும்' என்ற தொனியில் ஒரு பெருமூச்சோடு முடியும். பழைய காவலாளிப் பிரச்சினைக்கு என்ன செய்தார்கள்? காவலாளி வேலைக்குச் சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள், அமுக்கல் பிறந்த நேரம் அதற்கு முந்தையது என்றால் கண்டுகொள்ளாதே. அருமையான யோசனை, கடிகாரங்கள் ஒழுங்காக இருக்கும் உலகத்தில். ஐஓஎஸ் 9இல் சில சமயம் அமுக்கல் பிறந்த நேரம் 0 என்று வந்தது. க்யூடி வெப்எஞ்சின் என்ற இன்னொன்றில் மைனஸில் வந்தது. அதாவது பிரபஞ்சம் தோன்றுவதற்கு முன்பே யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். சித்தாந்திகள் அநாதி என்று சொன்னது இதைத்தானோ என்னவோ. அதற்கும் தனியாக விலக்கு எழுதி வைத்தார்கள்.

ஐபோனின் பழைய வெப்வியூ ஒன்றில் விஐபி வரிசையே தூங்கிவிடும். வேறு யாராவது ஒரு வேலை கொடுத்து உலுக்கினால்தான் நகரும். ஆகவே வியூ அங்கே ஒரு காலி டைமர் வைத்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத செட்டைம்அவுட். காய்கறி, பருப்பு, உப்பு எதுவும் இல்லாத சூப். அதைக் குடித்துத்தான் ஐபோன் எழுந்து உட்கார்ந்தது.

2016இல் புது ஆங்குலர். எட்டுக் கொக்கிகள். இனிட், செக், கன்டென்ட்டுக்கு அப்புறம், வியூவுக்கு அப்புறம் என்று அஷ்டதிக்குக்கும் ஒரு பாலகர். இதன் கொடை, 43 எழுத்து நீளமுள்ள ஒரு பிழைச் செய்தி. தமிழில் அதன் பேர் 'சோதித்து முடித்த பிறகு பேச்சை மாற்றிய குற்றம்'. டெவலப்மென்ட் நேரத்தில் ஆங்குலர் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சந்தேகப் பிராணியாக இன்னொரு தடவை பார்க்கும். நடுவில் வாக்குமூலம் மாறியிருந்தால் இந்தக் குற்றச்சாட்டு. ஆஃப்டர் வியூ இனிட் கொக்கியில் தன் பேரைத் தானே மாற்றிக்கொண்ட அப்பாவிகள் எல்லாரும் மாட்டினார்கள். வைத்தியம்? செட்டைம்அவுட், 0. இதில் ருசியான விஷயம், ஆங்குலரின் ஜோன்ஜேஎஸ் ஏற்கனவே செட்டைம்அவுட்டைத் தன் ஆளாக மாற்றி வைத்திருக்கும். நீங்கள் அதைத் தப்பிக்கும் வழி என்று நினைத்து உபயோகித்தால், அது நேராக ஆங்குலரிடம் போய் 'இவர் இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறார்' என்று போட்டுக்கொடுக்கும். அவரும் இன்னொரு தடவை பார்ப்பார். அதனால்தான் நோய் குணமாகிறது.

ஃபிரேம்வொர்க்கே வேண்டாம், பிரவுசரே தருகிற காம்போனென்ட் இருக்கிறதே என்று வெப் காம்போனென்ட் பக்கம் ஓடியவர்கள் உண்டு. அங்கே 'கனெக்டட்' என்ற கொக்கி, தொடக்கக் குறியைப் பிரவுசர் படித்ததுமே கூப்பிடும். உள்ளே உள்ள பிள்ளைகள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் வாசல்நிலை மட்டும் நிற்கிறது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், கையில் சூப்போடு.

2018 அக்டோபர், ரியாக்ட் கான்ஃப். சோஃபி ஆல்பர்ட், டான் ஆப்ரமோவ், ரயன் ஃப்ளோரன்ஸ் மேடையில். அவர்கள் அங்கே காட்டிய புதுச் சரக்கு அடுத்த பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 பதிப்பில் வெளிவந்தது. பேரே ஹூக்ஸ். இத்தனை நாள் எல்லாரும் கொக்கி என்று கூப்பிட்டதை எல்லாம் விட்டுவிட்டு, கொக்கி என்ற பேரையே தனக்குப் பதிவு செய்துகொண்டது. பிறப்பு, இறப்பு என்று நேரக்கணக்கில் யோசிக்காதீர்கள். எதோடு ஒத்துப்போக வேண்டும் என்று யோசியுங்கள் என்றார்கள். அதற்கு யூஸ்எஃபெக்ட் என்ற ஹூக் ஒன்று போதும். அழகான உபதேசம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன ஜனங்கள் செய்த முதல் வேலை, டிட்மவுன்ட்டை யூஸ்எஃபெக்ட்டில் எப்படி எழுதுவது என்று தேடியது. காலி அடைப்பு ஒன்றைப் பின்னால் ஒட்டினால் டிட்மவுன்ட் மாதிரி என்று கண்டுபிடித்தார்கள். மாதிரிதான். டிட்மவுன்ட் திரை வரைவதற்கு முன்னால் ஓடும். யூஸ்எஃபெக்ட் பொதுவாக வரைந்த பின். ஆகவே பட்டன் குதித்தது. குதிக்காமல் இருக்க யூஸ்லேஅவுட்எஃபெக்ட். அது சர்வரில் எச்சரிக்கை கொடுத்தது. ரியாக்ட் 18இல், கிளிக் மாதிரியான காரியத்தால் வந்த எஃபெக்ட் என்றால் வரைவதற்கு முன்பே ஓடலாம் என்று சொல்லிவிட்டார்கள். 'பொதுவாக' என்ற வார்த்தையின் கனம் அப்போதுதான் தெரிந்தது.

அதே 18இல், 2022 மார்ச்சில், ஸ்ட்ரிக்ட்மோட் போட்டிருந்தால் டெவலப்மென்ட்டில் ஒவ்வொரு காம்போனென்ட்டும் பிறக்கும், உடனே கொல்லப்படும், மறுபடி பிறக்கும். தீயணைப்பு ஒத்திகை மாதிரி. ஒழுங்காகச் சுத்தம் செய்கிறீர்களா என்று பார்க்க. அழுகுரல் விண்ணைப் பிளந்தது. 'என் எஃபெக்ட் ரெண்டு தடவை ஓடுது' என்பதை அந்த வருடத்தின் தேசிய கீதமாக அறிவித்திருக்கலாம். அதிகாரப்பூர்வ பதில்: ரெண்டு தடவை ஓடினால் என்ன கெட்டுவிட்டது என்று உன்னையே கேட்டுப்பார். கேட்டுப் பார்த்தவர்கள் நிறையக் கெட்டுப்போயிருப்பதைப் பார்த்தார்கள். ஆகவே ஸ்ட்ரிக்ட்மோடை எடுத்துவிட்டார்கள். ஒத்திகையில் கதவு திறக்கவில்லை என்றால் ஒத்திகையை ரத்து செய்வதுதானே நம் வழக்கம்.

யூஸ்எஃபெக்ட்டின் கடைசி அடைப்புக்குள் ஒரு பொருளை வைத்தால், அது மாறும்போதெல்லாம் எஃபெக்ட் மறுபடி ஓடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு இரட்டைக் குழந்தைகளை ஒன்று என்று ஒப்புக்கொள்ளத் தெரியாது. உள்ளே எல்லாம் ஒன்றாக இருந்தாலும் புதிதாகச் செய்த ஆப்ஜெக்ட் வேறு ஆள். ரெண்டருக்கு ரெண்டர் புது ஆப்ஜெக்ட் செய்து அங்கே வைத்தால் எஃபெக்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இது கற்றுக்குட்டிகளின் தப்பு என்று சிரிக்கிறவர்களுக்கு: 2025 செப்டம்பர் 12 அன்று கிளவுட்ஃப்ளேரின் டாஷ்போர்டும் சில ஏபிஐகளும் படுத்தன. டாஷ்போர்டு தன் சொந்தச் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருந்ததும் காரணங்களில் ஒன்று என்று அவர்களே எழுதினார்கள். வேர், ஒரு யூஸ்எஃபெக்ட்டின் அடைப்புக்குள் இருந்த ஒரு ஆப்ஜெக்ட். இன்டர்நெட்டின் கணிசமான பகுதியைத் தாங்குகிற தூணையே அதன் சொந்த டாஷ்போர்டு கதவைத் தட்டித் தட்டிக் கேட்டது: ஆச்சா, ஆச்சா, ஆச்சா.

நான் ஒன்றும் ஒழுங்கில்லை. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு சார்ட் எழுதினேன். பட்டனை அமுக்கினால் ஒரு ஜன்னல் விரிந்து அதற்குள் சார்ட் வரும். டிட்மவுன்ட்டில் ஜன்னலின் அகலத்தை அளந்து வரைந்தேன். எல்லாம் முறைப்படி. டெமோவில் விரிந்த ஜன்னலுக்கு நடுவே சார்ட் தபால்தலை அளவில் இருந்தது. ஜன்னல் புள்ளியிலிருந்து விரிகிற அனிமேஷன். நான் அளந்தபோது அது இன்னும் புள்ளியாக இருந்தது. டிட்மவுன்ட் பொய் சொல்லவில்லை. 'வந்தாச்சு' என்று மட்டும்தான் சொன்னது, 'வளர்ந்தாச்சு' என்று சொல்லவில்லை. அன்று இரவு செட்டைம்அவுட் 0 போட்டேன். மறுவாரம் 50. ஒரு கஸ்டமரின் மெதுவான லேப்டாப்புக்காக 100. அனிமேஷன் 300 மில்லிசெகண்ட் என்று டிசைனர் போகிற போக்கில் சொன்ன அன்று, பாதுகாப்புக்கு ஒரு ஐம்பது சேர்த்து 350.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். அதே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணா, சார்ட் ஃபைல்ல ஒரு 350 இருக்கு."

"ஆமாம்மா."

"அந்த அனிமேஷனை எடுத்து மூணு வருஷம் ஆச்சாம். இது எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துரட்டுமா?"

எடுத்துவிடலாம். ஒன்றும் ஆகாது. நிச்சயமாக ஒன்றும் ஆகாது. கேலண்டரைப் பார்த்தேன்.

"ஆடி நடக்குதும்மா. ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாம்."